ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை அல்ல: பிராகா நகரில் கிழமை எண்ணக் கற்றது

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியப் பகுதியின் துறைமுக நகரமான வீகோவில் மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, எல்லைக்கு அந்தப்பக்கம் போர்த்துக்கல்லின் பிராகா நகரில் புது வேலை கிடைத்துக் குடிபெயர்ந்தபோது, மொழியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. ஸ்பானிய மொழி ஓரளவு கைவந்திருந்தது. போர்த்துக்கீசியம் அதற்கு உடன்பிறந்த மொழி; காதில் விழும்போது மிரட்டினாலும், எழுத்தில் பார்த்தால் பாதிக்குமேல் புரிந்துவிடும். அந்தத் துணிச்சலோடுதான் வீட்டுக்கார அம்மா அனுப்பிய குறுஞ்செய்தியைப் படித்தேன். சாவி வாங்கிக்கொள்ள எப்போது வர வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர் பதிலில் 5 என்ற இலக்கமும், அதன் தலைமாட்டில் ‘ஏ’ என்ற சிறு எழுத்தும், காலை 10 மணி என்ற குறிப்பும் மட்டும் இருந்தன.

ஐந்தாம் நாள் என்று புரிந்துகொண்டேன். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, வியாழன் நான்கு, வெள்ளி ஐந்து. உடனே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புது வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டார். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குரு ஓரை, ரொம்ப நல்லது. பத்தரைக்கு இராகு காலம் வந்துவிடும், அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சிவிடு” என்றார். அந்த ஊரின் சூரிய உதயம் வேறு, கடிகாரம் வேறு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குரலில் இருந்த நிறைவைக் கலைக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பெட்டிகளோடும் பால் காய்ச்ச வைத்திருந்த சிறு பாத்திரத்தோடும் அந்த வீட்டு வாசலில் நின்றபோது கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, நேற்று வரவேண்டியவர் நீங்கள்தானா என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா முந்தைய நாள் நண்பகல்வரை காத்திருந்து, இரண்டு முறை என்னை அழைத்தும் பார்த்திருக்கிறார். நான் பழைய ஆய்வகத்தில் பொறுப்புகளை ஒப்படைக்கும் கூட்டத்தில் கைப்பேசியின் ஒலியை அணைத்து வைத்திருந்தேன். வெள்ளி விடியற்காலையில் அவர் மகளைப் பார்க்க லிஸ்பனுக்குப் புறப்பட்டுவிட்டார். ஞாயிறு மாலைதான் திரும்புவார். இரண்டு இரவுகள் விடுதியில் தங்கினேன். செலவைவிட, வயதான ஓர் அம்மாவை ஒரு முழுக் காலைப்பொழுது காக்க வைத்துவிட்டேன் என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

அந்தப் பெரியவர் அன்று வாசலில் நின்றபடி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இன்றும் கண்முன் நிற்கிறது. இடது கையை விரித்து, வலது கை ஆட்காட்டி விரலால் கட்டைவிரலைத் தொட்டு “தொமிங்கு” என்றார், அது ஞாயிறு. அடுத்த விரல் “செகுந்தா”, இரண்டாவது, அது திங்கள். நடுவிரல் “தெர்சா”, மூன்றாவது. மோதிர விரல் “குவார்த்தா”, நான்காவது. சுண்டுவிரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே “கிந்தா” என்றார். ஐந்தாவது. அது வியாழன். பிறகு கையை மாற்றி, அடுத்த கட்டைவிரலில் “செஷ்தா”, அதாவது ஆறாவது, வெள்ளி. அதற்கடுத்த விரலில் “சாபாது”, சனி. எண்ணிக்கை ஞாயிற்றில் தொடங்குகிறது என்ற ஒரே ஒரு செய்திதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கு எண் கிடையாது, ஆனால் ஒன்றாம் இடம் அதற்குத்தான். அதனால்தான் போர்த்துக்கீசியத்தில் ‘முதல் நாள்’ என்ற பெயரில் ஒரு கிழமையே இல்லை. வேலை வாரம் இரண்டாம் எண்ணில் தொடங்கி ஆறாம் எண்ணில் முடிகிறது. மருந்துக்கடைப் பலகையில் ‘2 முதல் 6 வரை’ என்று போட்டிருந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை என்று பொருள். என் பழைய கணக்கில் நான் அதைச் செவ்வாய் முதல் சனி வரை என்று படித்துவிட்டு, திங்கட்கிழமை கடை திறந்திருக்காது என்று நம்பியிருப்பேன்.

நான் ஏன் தடுக்கி விழுந்தேன் என்று யோசித்தால், ஸ்பானிய மொழி என்னைப் பழக்கப்படுத்தி வைத்திருந்த சுகம்தான் காரணம். ஸ்பானியக் கிழமைப் பெயர்களைத் தமிழர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம், ஏனென்றால் அவை நம் பெயர்களேதான். லூனா என்றால் நிலா, ‘லூனெஸ்’ திங்கள். ‘மார்த்தெஸ்’ மார்ஸ் என்னும் செவ்வாய்க்குரியது. ‘மியெர்கொலெஸ்’ மெர்க்குரியாகிய புதனுக்கும், ‘ஹுவெவெஸ்’ ஜூபிட்டராகிய வியாழனுக்கும், ‘வியெர்னெஸ்’ வீனஸாகிய வெள்ளிக்கும் உரியவை. கோளுக்குக் கோள் அப்படியே பொருந்துகிறது. வார இறுதி இரண்டு நாட்களில்தான் வழி பிரிகிறது. ‘சாபாதோ’ என்பது எபிரேயரின் ஓய்வுநாளான சபாத்திலிருந்து வந்தது; ‘தொமிங்கோ’ இலத்தீனில் ‘ஆண்டவருக்குரிய நாள்’. சனியும் ஞாயிறும் அங்கே கோளைக் கைவிட்டுவிட்டன. தமிழும் ஆங்கிலமும் அவ்விரண்டிலும் கோளை விடாமல் வைத்திருக்கின்றன.

இந்தப் பெயர்களின் வாலில் இருக்கும் ‘எஸ்’ ஒலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். இலத்தீனில் செவ்வாய்க்கிழமைக்கு ‘தியேஸ் மார்த்திஸ்’ என்று பெயர்: தியேஸ் என்றால் நாள், மார்த்திஸ் என்பது மார்ஸ் என்ற பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவம், ‘மார்ஸினுடைய’. நாளடைவில் ‘நாள்’ என்ற சொல் உதிர்ந்து ‘உடைய’ மட்டும் தங்கிவிட்டது. வியாழனுக்குரிய யோவிஸ், வெள்ளிக்குரிய வெனெரிஸ் ஆகியவற்றிலும் அதே ‘எஸ்’ வால் இயல்பாகவே இருந்தது. திங்களுக்குரிய ‘லூனே’ என்ற இலத்தீன் வடிவத்தில் அது இல்லை. புதனுக்குரிய ‘மெர்க்கூரீ’ என்பதிலும் இல்லை. பக்கத்து நாட்களைப் பார்த்து இவ்விரண்டும் வாலை ஒட்டிக்கொண்டன. ஆகவே ஒரு ஸ்பானியர் ‘மார்த்தெஸ்’ என்று சொல்லும்போது, தம்மை அறியாமலேயே ‘செவ்வாயினுடையது’ என்று சொல்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? செவ்வாய்க்கிழமை. கிழமை என்றால் உரிமை. தற்கிழமை, பிறிதின்கிழமை என்று ஆறாம் வேற்றுமைப் பொருளைப் பள்ளியில் இலக்கண வகுப்பில் ஒப்பித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இலத்தீனில் நாள் போய் உரிமை நின்றது. தமிழில் உரிமை என்ற சொல்லே நாளுக்குப் பெயராகிவிட்டது. இதை நான் தமிழ்நாட்டில் இருந்தவரை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. பிராகாவில் விடுதி அறையில் உட்கார்ந்திருந்த அந்தச் சனிக்கிழமைதான் எண்ணினேன்.

அம்மா சொன்ன ஓரையும் அப்போதுதான் பிடிபட்டது. வானில் கோள்களை நகர்வின் வேகப்படி, மெதுவானதிலிருந்து அடுக்கினால் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று வரும். கிழமைகளின் வரிசை அப்படி இல்லையே, ஏன்? ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோள் என்று இதே அடுக்கில் ஒதுக்கிக்கொண்டு போய், நாளின் முதல் மணி எந்தக் கோளுக்கு வாய்க்கிறதோ அந்தக் கோளின் பெயரையே நாளுக்கு வைத்தார்கள். ஒரு நாளுக்கு 24 மணி. ஏழேழாக மூன்று சுற்றுப் போனால் 21; மிச்சம் 3. ஆகவே சனியில் தொடங்கிய நாளுக்கு அடுத்த நாள் மூன்றைத் தாண்டி நான்காவதாகிய ஞாயிற்றில் தொடங்கும். ஞாயிற்றிலிருந்து அதேபோல் எண்ணினால் திங்கள். திங்களிலிருந்து எண்ணினால் செவ்வாய். காசியஸ் தியோ என்ற உரோமானிய வரலாற்றாசிரியர் 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் தரும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று. நம் தினசரி நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஓரை அட்டவணையாக இன்றும் அதே கணக்குதான் அச்சாகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குரிய கட்டத்தில் சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்; அதே அடுக்கு.

ஸ்பெயினில் செவ்வாய் இன்னும் செவ்வாய்தான் என்பதற்கு ஒரு பழமொழி சான்று: செவ்வாயன்று மணம் முடிக்காதே, கப்பலும் ஏறாதே. வீகோவில் உடன் பணியாற்றிய ஒருவர், 13ஆம் தேதி செவ்வாயில் வந்தபோது இதைச் சொன்னார். செவ்வாய் வெறுவாய் என்று நம் வீடுகளில் சொல்வதை நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். போரின் தெய்வம் என்று அவர்கள் அஞ்சிய அதே கோளை நாமும் அஞ்சினோம். போர்த்துக்கல்லில் அந்த அச்சத்துக்குரிய நாள் 13ஆம் தேதியில் வரும் வெள்ளி. மூன்றாம் நாள் என்று எண்ணால் அழைக்கப்படும் கிழமைமேல் மார்ஸின் நிழல் எப்படி விழும்?

சரி, போர்த்துக்கீசியர் மட்டும் ஏன் எண்ணுகிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி நான் குடியேறிய அதே ஊரிலேயே கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பிராகா சுவேபியர் என்ற செருமானிய இனத்தாரின் அரசுக்குத் தலைநகரம். இன்றைய ஹங்கேரிப் பக்கத்துப் பன்னோனியாவில் பிறந்த மார்ட்டின் என்ற துறவி இங்கே வந்து, நகரின் ஓரத்தில் உள்ள தூமெ என்ற இடத்தில் மடம் நிறுவினார். பின்னர் பிராகாவின் பேராயரானார். 572ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய இரண்டாம் பிராகா சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். நாட்டுப்புற மக்களின் பழைய வழக்கங்களைத் திருத்துவதற்காக அவர் எழுதிய ஒரு சிறு இலத்தீன் நூல் இருக்கிறது; அஸ்தோர்காவின் ஆயர் பொலேமியுஸ் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுதியது. திருமுழுக்குப் பெற்ற ஒருவன் ஆண்டவரின் நாளை மதிக்காமல் ஜூபிட்டரின் நாள், மெர்க்குரியின் நாள், வீனஸின் நாள் என்று கொண்டாடுவது என்ன பித்து என்று அதில் கடிந்துகொள்கிறார். அந்தத் தெய்வங்களுக்கு நாள் எதுவும் சொந்தமில்லை என்பது அவர் வாதம். கிழமை என்ற சொல்லின் பொருளோடு சேர்த்துப் படித்தால், அவர் மறுத்தது அந்த உரிமையைத்தான் என்பது தெளிவாகும்.

அவர் கண்டித்த வழக்கங்களின் பட்டியலில் என்னை நிறுத்திய வரிகள் இரண்டு. பெண்கள் தறியில் உட்காரும்போது உரோமானியப் பெண் தெய்வமான மினர்வாவின் பெயரைச் சொல்வது ஒன்று. திருமணத்துக்கு வீனஸின் நாளைப் பார்ப்பது மற்றொன்று. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்! ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே ஊரின் வயல்வெளிகளில் யாரோ ஒரு தாய், மகளின் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை வாய்க்குமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அவர்களுக்கும் சுக்கிரன்தானே” என்று இயல்பாகக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும், ஒரு பேராயர் சொன்னார், மக்கள் மறுநாளே மாற்றிக்கொண்டார்கள் என்று கதை சொல்வதை நான் ஏற்கவில்லை. எண்ணால் நாட்களை அழைப்பது மார்ட்டின் கண்டுபிடித்ததும் அல்ல. இலத்தீன் திருச்சபையின் வழிபாட்டு மொழியில் எல்லா நாடுகளிலும் ‘ஃபெரியா செக்குந்தா’, ‘ஃபெரியா தெர்த்தியா’ என்றுதான் எழுதினார்கள். இன்றும் இலத்தீன் வழிபாட்டு நூல்களில் அப்படித்தான். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் ஆயர் அகுஸ்தீன், மெர்க்குரியின் நாள் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் அந்தப் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்பியிருக்கிறார். அந்த விருப்பம் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் பலிக்கவில்லை. சனியும் ஞாயிறும் மட்டுமே அங்கே பெயர் மாறின. ஐபீரியாவின் மேற்கு விளிம்பில் மட்டும் கோயில் மொழி சந்தைக்கும் சமையலறைக்கும் இறங்கி, கோள்களின் பெயர்களை முழுவதுமாக வெளியேற்றியது. அதிலும் மாதங்களைத் தொடவில்லை: ‘மார்சு’ என்று மார்ஸ் மூன்றாம் மாதத்தில் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறார், முதல் மாதமான ‘ஜனெய்ரு’வில் ஜானுஸ் என்ற உரோமானியத் தெய்வம் இருக்கிறார்.

இந்த எண் பெயர்களின் முழு வடிவம் ‘செகுந்தா-ஃபெய்ரா’, ‘கிந்தா-ஃபெய்ரா’ என்று வரும்; அந்த ‘ஃபெய்ரா’ என்ற பின்னொட்டைப் பற்றி நான் வெகுநாள் தவறாகவே நினைத்திருந்தேன். இன்றைய போர்த்துக்கீசியத்தில் அந்தச் சொல்லுக்குச் சந்தை என்று பொருள். நம் ஊரில் செவ்வாய்ச் சந்தை, வெள்ளிச் சந்தை என்பதுபோல, ஐந்தாம் சந்தை, ஆறாம் சந்தை என்று வாரச் சந்தையை வைத்து எண்ணியிருப்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மூலச்சொல் இலத்தீன் ‘ஃபெரியா’. அதற்குத் திருநாள், வேலை ஓய்ந்த நாள் என்று பொருள். திருநாட்களில் கூட்டம் கூடிய இடத்தில் வணிகமும் கூடியதால் சந்தைக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஏற்பட்டது. விடுமுறைக்குப் போர்த்துக்கீசியத்தில் ‘ஃபேரியாஷ்’ என்பதும் அதே வேர்தான். உயிர்ப்புப் பெருவிழா வாரத்தில் ஒவ்வொரு நாளும் திருநாள். ஆகவே இரண்டாம் திருநாள், மூன்றாம் திருநாள் என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை ஆண்டின் மற்ற வாரங்களுக்கும் பரவியது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இப்படியாக, ஓய்வைக் குறித்த சொல் வேலை நாட்கள் ஐந்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் ஓய்வு நாட்களான சனிக்கும் ஞாயிற்றுக்கும் அது இல்லை.

வீகோவுக்கு அவ்வப்போது நண்பர்களைப் பார்க்கப் போவேன். மீன்யோ ஆற்றின் இக்கரையில் போர்த்துக்கல்லின் வலென்சா, அக்கரையில் ஸ்பெயினின் துய். நடுவே இரும்புப் பாலம். பாலத்தைக் கடந்தால் கடிகாரம் ஒரு மணி முன்னே போகிறது, செகுந்தா ‘லூனெஸ்’ ஆகிறது. ஆனால் கலீசிய மொழியைக் கூர்ந்து கேட்டால் எல்லை அவ்வளவு சீராக இல்லை. அவர்களின் பாடநூல் வடிவம் லுன்ஸ், மார்த்தெஸ், மெர்கொரெஸ், ஷோவெஸ், வென்ரெஸ் என்று கோள்களோடு நிற்கிறது. கூடவே ‘தெர்சா ஃபெய்ரா’, ‘கோர்த்தா ஃபெய்ரா’ என்ற எண் வடிவங்களும் அம்மொழிக்கு உண்டு. போர்த்துக்கீசியமும் கலீசியமும் ஒருகாலத்தில் ஒரே மொழியாக இருந்ததன் தடயம் அது. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தும் நான் அதைக் கேட்கத் தவறியிருக்கிறேன். கேட்டிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நேர்ந்திருக்காது.

மற்ற உறவு மொழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘நாள்’ என்ற சொல்லைப் பிரெஞ்சும் இத்தாலியமும் பெயரின் கடைசியில் வைத்து லந்தி, லுனெதீ என்கின்றன. கத்தலான் முன்னால் வைத்து தில்யுன்ஸ், திமார்த்ஸ் என்கிறது. ருமேனியம் ஸ்பானியத்தைப் போல அதை உதறிவிட்டு லூனி, மார்த்சி என்கிறது. சார்தீனியத் தீவில் வெள்ளிக்கு ‘தூய உணவு’ என்று பொருள்தரும் இலத்தீன் தொடரிலிருந்து வந்த பெயர் இருக்கிறது. இலத்தீன் குடும்பத்தைச் சேராத பாஸ்க் மொழியில் திங்கள், செவ்வாய், புதன் ஆகியவற்றின் பெயர்களுக்கு முறையே வாரத் தொடக்கம், வார நடு, வாரக் கடைசி என்று பொருள். ஒருகாலத்தில் மூன்று நாள் வாரம் இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுவது இதை வைத்துத்தான்.

பிராகாவில் மாலைநேரப் போர்த்துக்கீசிய வகுப்பில் சேர்ந்தபோது, என் தவறு என்னுடையது மட்டும் அல்ல என்று தெரிந்தது. உக்ரைனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி ‘கிந்தா’ என்றதும் வெள்ளி என்றே எழுதினார். அவர் மொழியில் வெள்ளிக்கு ‘பியாத்னித்சியா’, ஐந்தாவது என்று பெயர். சிலாவிய மொழிகள் திங்களில் தொடங்கி எண்ணுகின்றன. கிரேக்க மாணவர் ஒருவருக்குச் சிக்கலே இல்லை. அவர்களுடைய ‘பெம்ப்தி’, ஐந்தாவது, போர்த்துக்கீசியத்தைப் போலவே வியாழன்தான். அரபும் எபிரேயமும் ஞாயிற்றிலிருந்து எண்ணுபவை. எண்ணால் கிழமை சொல்லும் எந்த மொழியைக் கற்கும்போதும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எண்ணிக்கை எந்த நாளில் தொடங்குகிறது?

இனி, இங்கே வரும் நம்மவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்பவை. மனத்தில் ஏழு பெயர்களையும் ஒரேயடியாக ஏற்ற முயலாமல், ஒரே ஒரு நாளை ஓர் இடத்தோடு கட்டிவிடுங்கள். எனக்கு அந்த நாள் வியாழன். பிராகாவுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் பார்செலுஷ் என்ற ஊரில் வியாழன்தோறும் பெரிய சந்தை கூடும். வண்ணம் தீட்டிய மண் சேவல்களுக்குப் பெயர்போன ஊர். ஒரு வியாழக்கிழமை அங்கே போய், கீரைக்கட்டும் மண் சட்டியும் வாங்கிக்கொண்டு நின்றபோது, இது கிந்தா, ஐந்து, சந்தை என்று மூன்றும் ஒன்றாகப் பதிந்துவிட்டன. அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் மற்றவை தாமாக வரும்.

‘ஃபெய்ரா’வைப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிட்டு, ‘கிந்தா’ என்று மட்டும் சொல்வார்கள். அங்கே இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. கிந்தா என்றால் தோட்டத்தோடு கூடிய பண்ணை வீடு என்றும் பொருள். ‘நா கிந்தா’ என்று ஒருவர் சொன்னால் வியாழனன்று என்றும் கொள்ளலாம், பண்ணையில் என்றும் கொள்ளலாம். பேச்சின் போக்கைப் பார்த்துத்தான் தெளிய வேண்டும். ‘தெர்சா’ என்பது பழைய வடிவம் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாம் மாடிக்கு ‘தெர்செய்ரு’ என்றுதான் சொல்ல வேண்டும். கிழமைக்கு மட்டும் ‘தெர்சா’. எண் பெயருள்ள ஐந்து நாட்களும் பெண்பால், ஆகவே ‘நா செகுந்தா’; சனியும் ஞாயிறும் ஆண்பால், ஆகவே ‘நு சாபாது’. திங்கள்தோறும் என்று சொல்லப் பன்மை வேண்டும்: ‘ஆஷ் செகுந்தாஷ்’. ஸ்பானியத்தில் இதற்கு மாறாக, லூனெஸ் முதல் வியெர்னெஸ் வரை பன்மையிலும் பெயர் மாறாது, முன்னால் வரும் ‘எல்’ மட்டும் ‘லோஸ்’ ஆகும்; ‘என்’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்துவிடுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

எழுத்தில் மேலும் கவனம் வேண்டும். சுருக்கக் குறியீட்டில் நான்காம் நாள் ‘குவா’, ஐந்தாம் நாள் ‘கி’; உரோம எழுத்தில் இரண்டும் மூன்று எழுத்துகள், கடைசி எழுத்து மட்டும் வேறு. அவசரமாகக் கையால் எழுதிய சீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓரெழுத்து நாட்காட்டியில் நிலைமை இன்னும் மோசம்: திங்கள், வெள்ளி, சனி மூன்றுக்கும் ‘எஸ்’; புதன், வியாழன் இரண்டுக்கும் ‘கியூ’. ஸ்பெயினில் செவ்வாய்க்கும் புதனுக்கும் ஒரே ‘எம்’ வருவதால் புதனுக்கு ‘எக்ஸ்’ போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். போர்த்துக்கல்லில் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் காணவில்லை. ஆகவே மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கினாலும், வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்குப் போனாலும், கிழமை சொன்னவரிடம் தேதியையும் கேட்டு, அவர் முன்னாலேயே திருப்பிச் சொல்லிவிடுங்கள். நான் அன்று “கிந்தாவா, 14ஆம் தேதியா?” என்று ஒரு வரி திருப்பி அனுப்பியிருந்தால் போதும்.

போர்த்துக்கீசியர் கடல் கடந்து போன இடங்களில் இந்த எண் பெயர்கள் எங்கே தங்கின, எங்கே தங்கவில்லை என்பதையும் நான் தேடிப் பார்த்தேன். கிழக்குத் திமோரின் தேத்தும் மொழியில் செகுந்தா, தெர்சா என்றே வழங்குகின்றன. கோவாவில் 1510 முதல் 1961 வரை 451 ஆண்டுகள் ஆண்டும், கொங்கணி மொழியில் சோமார், மங்களார், புத்வார் என்று கோள்களே நிற்கின்றன. தமிழுக்கு அவர்களிடமிருந்து சாவி வந்தது, மேசை வந்தது, சன்னலும் அலமாரியும் வந்தன. கிழமைப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. புதிய பொருளோடு வந்த சொல்லுக்கு வீட்டில் இடம் இருந்தது. கிழமைக்கோ பஞ்சாங்கமும் விரதமும் சந்தையும் ஏற்கெனவே இடம்பிடித்து வைத்திருந்தன. கத்தோலிக்க மறையைத் தழுவிய தமிழர்கள்கூடச் சாம்பல் புதன், பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்றுதான் சொன்னார்கள். மார்ட்டின் துரத்திய மெர்க்குரியும் ஜூபிட்டரும் வீனஸும் தமிழ்த் திருவழிபாட்டில் எந்த உறுத்தலும் இல்லாமல் அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு மாலை வீட்டுக்கார அம்மா லிஸ்பனிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு, என் கணக்கு எங்கே பிசகியது என்று விளக்கினேன். அவர் என்னைத் தம் சமையலறைக்கு அழைத்துப்போய், சுவர் நாட்காட்டியைக் காட்டி, உங்கள் மொழியில் இவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டார். எழுதுகோல் வாங்கி ஒவ்வொரு பத்தியின் தலையிலும் தமிழில் எழுதி, பக்கத்தில் அந்தக் கோளின் பெயரைப் போர்த்துக்கீசியத்தில் சொன்னேன். செஷ்தா வந்ததும் “வெள்ளி, வேனுஸ்” என்றேன். அவர் விரலை அந்தக் கட்டத்தில் வைத்தபடி, வேனுஸ், வேனுஸ் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, நான் கொண்டுவந்திருந்த பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்.